பனி வேறு, பனிப்பொழிவு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'உதகையில் பனிப்பொழிவு' என்று முதல் பக்கத்தில் தலைப்புப் போட்டிருந்தீர்கள். அன்று காலை ஆறரை மணிக்கு நான் என் தோட்டத்தில்தான் நின்றேன். புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ராத்திரி வெளியே நிறுத்தியிருந்த பைக் சீட்டை நகத்தால் சுரண்டினால் உப்புப் போல உதிர்ந்தது. ஆனால் வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. இரவு முழுக்க நட்சத்திரம் தெரிந்தது. வானம் அப்படித் தெளிந்திருந்தால்தான் தரை சூட்டை இழந்து, காற்றிலுள்ள ஈரம் இலைமேலேயே உறையும். அது உறைபனி. மேகம் மூடிய இரவில்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம்.

பனி நம் வீட்டுச் சொல். மார்கழியில் வாசல் கோலத்தை நனைப்பதும் பனிதான், உதகை பக்கத்துத் தலைகுந்தாவில் புல்லை வெளுக்க வைப்பதும் பனிதான், இமயமலையில் வெண்பனியாகக் கொட்டுவதும் பனிதான். பேச்சில் அதனால் குழப்பம் வராது. ஊரும் மாதமும் பொருளைச் சொல்லிவிடும். பொழிவு அப்படியல்ல, அது வானிலைக்காரர்களின் அளவுச் சொல். மழை, வெண்பனி, ஆலங்கட்டி என்று மேகத்திலிருந்து இறங்கும் எல்லாம் அதில் அடக்கம். வெண்பனியைக்கூட உருக்கித் தண்ணீராக்கி மில்லிமீட்டரில்தான் கணக்கெழுதுவார்கள். 1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு 1 லிட்டர் தண்ணீர்.

ஜனவரியில் லடாக் பற்றிய செய்தியிலோ 'மழைப்பொழிவு குறைந்தது' என்றிருந்தது. அந்தக் குளிரில் அங்கே விழுவது வெண்பனி. பொழிவு என்று மட்டும் எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும். முன்னால் 'மழை'யை ஒட்டியதும் சொல் சுருங்கிவிட்டது.

தலைப்பில் இடம் குறைவு என்பது புரிகிறது. 'உறைபனி' என்பது 'பனிப்பொழிவை'விடச் சின்னச் சொல்தானே? தயவுசெய்து அதையே போடுங்கள். பொழிவு என்றால் விவசாயிக்கு வரவு. உறைபனியோ, வெயில் ஏறுவதற்குள் ஸ்பிரிங்க்ளர் போட்டுக் கழுவாவிட்டால் உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கிவிடும்.

அன்று உங்கள் செய்தியைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, அங்கே ஸ்னோ கொட்டுதாமே! தோட்டத்துக்கு நல்ல தண்ணி கிடைச்சிருக்குமே?" என்று சந்தோஷமாகக் கேட்டான். அப்போது நான் கருகிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.