லிமோசினுக்கு முன்னால் ஒரு குதிரை வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலிவுட் சினிமா நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் கைமாறிய கதையைச் சென்ற இதழில் படித்தேன். 1969இல் ஸ்டீவ் ராஸின் கின்னி நிறுவனம் அதை வாங்கியதைச் சொன்ன நீங்கள், அந்த மனிதர் எங்கிருந்து கிளம்பி வந்தார் என்பதை விட்டுவிட்டீர்கள். அவர் தொழில் கற்றது யூதர்களின் இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் ஒரு குடும்ப நிறுவனத்தில்.

நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், கப்பலில் வந்திறங்கிய ஏழை யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சாவு விழுந்தால் சொந்த ஊர்க்காரர்களின் சங்கம் இடுகாட்டில் இடம் வைத்திருக்கும். வண்டிக்குக் குதிரை லாயக்காரரிடம் போக வேண்டும். அப்படி ஒரு லாயம் வளர்ந்ததுதான் ரிவர்சைடு மெமோரியல் சேப்பல் என்ற அந்த இறுதிச் சடங்கு நிறுவனம். ராஸ் அதை நடத்திய ரோசன்தால் வீட்டு மாப்பிள்ளை. பகலில் சவ ஊர்வலத்துக்குப் போன லிமோசின்கள் ராத்திரி சும்மா நிற்பதைப் பார்த்து வாடகைக்கு விட்டார். அப்புறம் கார் நிறுத்துமிடங்கள் நடத்திய கின்னியோடு சேர்ந்து, 1962இல் பங்குச் சந்தை. சினிமா கைக்கு வந்த இரண்டே வருடத்தில், 1971இல், சாவுத் தொழிலை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

ஏனென்றால் அந்தச் சடங்கை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நியூயார்க்கில் வேலை பார்த்தபோது நண்பரின் அம்மா இறந்தார். இராத்திரி முழுக்க ஒருவர் உடலருகே உட்கார்ந்து சங்கீதம் என்னும் வேதப் பாடல்களை வாசித்தார். குளிப்பாட்டியது சம்பளம் வாங்காத பெண்கள். வெள்ளைத் துணி, அதில் பை கிடையாது. பூ இல்லை. ஆணியில்லாத பலகைப் பெட்டி. நண்பர் முதல் மண்ணை மண்வாரியின் பின்பக்கத்தால் தள்ளினார். இந்த வேலைக்கு அவசரம் கூடாதாம். அடுத்து வந்தவரின் கையில் கொடுக்காமல் மண்வாரியை மண்ணிலேயே குத்திவிட்டு நகர்ந்தார்.

இந்த எளிமை சும்மா வந்ததில்லை. சாவைவிடச் சாவுச் செலவு பாரமாகி, உறவினர்கள் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடிய காலத்தில், ரப்பான் கமாலியேல் என்ற தலைவர் தன்னைச் சாதாரண நார்த்துணியில் அடக்கம் செய்யவைத்தார் என்று யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. பணக்காரரும் ஏழையும் ஒரே உடையில் போகும் வழக்கம் அதிலிருந்து வந்தது.

ராஸைப் பற்றி அடுத்து எழுதும்போது அந்த லாயத்திலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை