டிராக்டர் புகை: என்ஜினை இறக்கும் முன்பு பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேடை (நடவுக்கு முன் சேற்றுழவு) ஓட்டும் நாட்கள் வந்துவிட்டால் செங்குன்றம், சோழவரம், பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து விவசாயிகள் புகை கக்கும் பழைய டிராக்டர்களை மாதவரம், மூலக்கடை சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களில் பலருக்கும் கிடைப்பது "ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்ற ஒரே பதில்தான். டீசல் மெக்கானிக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பதிலைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது. என்ஜினை இறக்கி லைனர் (சிலிண்டரின் உட்குழல்), அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றிய வளையமான ரிங் மாற்றும் செலவு ஒரு சிறு விவசாயியின் ஒரு போக வருமானத்தையே விழுங்கிவிடும். இறக்க வேண்டிய என்ஜின்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் புகையின் நிறம் என்ன, அது எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்காமலே ஸ்பேனரை எடுப்பது முறையல்ல.

சில மாதங்களுக்கு முன்பு பொன்னேரி பக்கத்து விவசாயி ஒருவர், இருபது ஆண்டுகளைக் கடந்த தமது மூன்று சிலிண்டர் டிராக்டரை என்னிடம் காட்டினார். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சேற்றில் இறக்கியதும் கரும்புகை தூணாக எழுகிறது, வண்டி இழுக்கவில்லை, ஒரு பட்டறையில் முழு என்ஜின் வேலை என்று சொல்லிவிட்டார்கள் என்றார். கரும்புகை என்றால் டீசல் எரியப் போதுமான காற்று உள்ளே செல்லவில்லை, அல்லது டீசல் பனிபோல் சிதறாமல் துளியாக விழுகிறது என்று பொருள். ஆகவே முதலில் ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினோம். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் தூசியும் மண்ணும் சேர்ந்து களியாக இறுகிக் கிடந்தன. விரலை அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. கிண்ணத்தையும் மேலே உள்ள கம்பிவலையையும் டீசலில் கழுவி, புதிய ஆயிலைக் குறியிட்ட அளவு வரை மட்டும் ஊற்றி ஓட்டிப் பார்த்தபோது பாதிப் புகை குறைந்துவிட்டது.

மீதிப் புகைக்கு, என்ஜின் மெதுவாக ஓடும்போதே சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு நாசிலுக்கும் செல்லும் குழாயின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே தளர்த்தி இறுக்கினேன். முதல் சிலிண்டரிலும் மூன்றாவதிலும் தளர்த்திய உடனே என்ஜின் தடுமாறியது. நடு சிலிண்டரில் தளர்த்தியபோது ஓட்டம் பெரிதாக மாறவில்லை, புகை மட்டும் நின்றது. அந்த நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் பழுது பார்க்கும் கடையில் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தால், மூக்கு ஒழுகுவதைப்போல் டீசல் சொட்டியது. நாசில் முனையை மாற்றியதோடு வேலை முடிந்தது. ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். நாசில் பீய்ச்சும் இடத்திலும், தளர்த்திய நட்டின் அருகிலும் யாரும் கையை நீட்டக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் இந்தச் சோதனையை மெக்கானிக்கை வைத்தே செய்ய வேண்டும்.

இன்னொரு தவறான வழக்கமும் உண்டு. காரணத்தைத் தேடாமல் பம்பில் டீசல் அளவைக் குறைத்துப் புகையை மறைத்துக் கொடுப்பார்கள். சாலையில் வண்டி சுத்தமாக ஓடுவதுபோல் தெரியும், வயலில் இறங்கியதும் இழுவை இருக்காது. இது பழுது பார்ப்பதாகாது.

நீலப்புகைதான் ஆயில் எரிவதன் அடையாளம். அதிலும் உடனே ரிங் என்று முடிவு கட்டக் கூடாது. ஏர் கிளீனர் கிண்ணத்தில் குறிக்கு மேல் ஆயில் ஊற்றினால் என்ஜின் அதையே உறிஞ்சி நீலமாகப் புகைக்கும். சில வேளை அந்த ஆயிலிலேயே கட்டுப்பாடின்றி வேகமெடுத்து ஓடவும் கூடும். என்ஜினில் ஆயில் அளவு மிகுந்திருந்தாலும், என்ஜினின் உள் ஆவி வெளியேறும் வழியான பிரீதர் அடைத்திருந்தாலும் இதே புகைதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் மட்டும் நீலம் வந்து அடங்கினால் வால்வு கைடு (வால்வு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். சூடேறிய பின்பும் பாரம் ஏற ஏற நீலம் கூடி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி அடித்து, ஆயிலும் நாள்தோறும் குறைகிறது என்றால்தான் ரிங்கையும் லைனரையும் பற்றிப் பேச வேண்டும்.

வெண்புகையைப் பொறுத்தவரை, மார்கழிக் காலையில் ஓரிரு நிமிடம் வருவது இயல்பு. கண்ணை எரிக்கும் பச்சை டீசல் வாடையோடு தொடர்ந்து வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. பம்பைக் கழற்றிப் பூட்டியபோது டீசல் பீய்ச்சும் நேரமான டைமிங் தவறியதா, டீசலில் தண்ணீர் கலந்ததா, சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவான கம்ப்ரஷன் குறைந்ததா என்று பார்க்க வேண்டும். டீசல் வாடையே இல்லாமல் நீராவியாக வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்து, குமிழிகளும் எழுந்தால் ஹெட்டின் அடியில் உள்ள தகடான ஹெட் கேஸ்கட்டையோ ஹெட்டில் விரிசலையோ சந்தேகிக்கலாம். அந்நிலையில் மட்டும் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்திவிடுவது நல்லது.

1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்களில் எத்தனையோ வண்டிகளுக்கு என்ஜின் செய்து தந்தது நம் செம்பியத்து சிம்சன் ஆலைதான். வடசென்னைத் தொழிலாளர்களின் கைபட்ட என்ஜின்கள் இன்றும் திருவள்ளூர் மாவட்ட வயல்களில் ஓடுகின்றன. அவற்றை இந்தப் பகுதிப் பட்டறைகளே தேவையின்றிப் பிரித்துப் போடுவது எனக்குத் தாங்கவில்லை. மணலியிலும் எண்ணூரிலும் ஏற்கெனவே புகையைச் சுவாசித்து வாழும் நமக்கு, தெருவில் கரும்புகையோடு போகும் ஒவ்வொரு வண்டியும் கூடுதல் சுமை என்பதையும் மறக்க முடியவில்லை.

எனவே வேளாண் பொறியியல் துறையினர், சம்பா உழவு தொடங்கும் முன்பு சோழவரத்திலும் பொன்னேரியிலும் ஒரு நாள் முகாம் நடத்தி, ஏர் கிளீனர் கழுவும் முறையை விவசாயிகளின் கையாலேயே செய்து பழக்கி, நாசில் சோதிக்கும் கருவியையும் அங்கேயே வைத்துப் பழைய டிராக்டர்களின் நாசில்களைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டீசல் மெக்கானிக்,
மாதவரம், சென்னை – 600 060.