புது கம்ப்யூட்டர் வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் மண்டிகளிலும் வெள்ளிப் பட்டறைகளிலும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் நான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அதிலிருந்து, "இந்த மெஷின் இனி ஆகாது, புதுசு வாங்கிடுங்க" என்று கடைக்காரர்களை அவசரப்படுத்துகிறார்கள். ஒரு ஜவ்வரிசி வியாபாரி முன்பணமே கட்டிவிட்டார். போய்ப் பார்த்தால் அவரிடம் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 11! விற்க வந்தவர் கறுப்புத் திரையில் 10.0 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு விண்டோஸ் 10 என்று சொல்லியிருக்கிறார். விண்டோஸ் 11-உம் தன்னை 10.0 என்றுதான் காட்டும். அதற்கு அடுத்து வரும் பில்டு எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது 11.

இதை யாரையும் நம்பாமல் நாமே பார்த்துக்கொள்ளலாம். நோட்பேடைத் திறந்து ஆங்கிலத்தில் 'சிஸ்டம்இன்ஃபோ' (systeminfo) என்று சேர்த்து எழுதி, பெரிது என்பதற்கான > குறியைப் போட்டு, பக்கத்தில் 'கடை.டிஎக்ஸ்டி' என ஒரு ஃபைல் பெயர் கொடுங்கள். மொத்தமே ஒரு வரிதான். '.பேட்' (.bat) என்று முடியும் பெயரில் டெஸ்க்டாப்பில் சேமித்து டபுள் கிளிக் செய்யுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அந்த ஃபைலுக்கும் சிஸ்டம்இன்ஃபோ என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். அது தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு நிற்காமல் ஓடும்.

சற்று நேரத்தில் விவரமெல்லாம் அந்த டெக்ஸ்ட் ஃபைலில் வந்துவிடும். விண்டோஸின் பெயர், பில்டு எண், என்றைக்கு இன்ஸ்டால் ஆனது, ராம் எவ்வளவு, எந்தெந்த அப்டேட் ஏறியிருக்கிறது, எல்லாம் இருக்கும். அப்டேட் பட்டியலை லேசாக நினைக்க வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாத மெஷின்கள்தான் மாட்டின.

சரி, விண்டோஸ் 10 என்றே தெரிந்தால்? 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸர் இவை இருந்தால் பெரும்பாலும் அதே மெஷினில் 11 ஏற்றலாம். டிபிஎம் இருக்கிறதா, டிஸ்க்கில் இடம் எவ்வளவு என்பதை அந்த டெக்ஸ்ட் ஃபைல் காட்டாது, தனியாகப் பார்க்க வேண்டும். பிரவுசரில் மட்டும் வேலை செய்கிறவர்கள் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டும் பார்க்கலாம். எதுவும் ஒத்துவராவிட்டால் அப்புறம் புதியது வாங்குவதில் தப்பில்லை.

சேலத்து வியாபாரிகள் சங்கங்கள் இந்த ஒரு வரியைத் தங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வரும் டெக்ஸ்ட் ஃபைலை பிரின்ட் எடுத்து பில் ஃபைலோடு வைத்துக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட வேண்டாம். அதில் கம்ப்யூட்டரின் பெயர், ஐபி முகவரி எல்லாம் இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
குகை, சேலம்.