சிங்கிள்களை விட்டுவிட்டு ஒரு மதிப்பீடா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் தொடக்ககால ஆல்பங்களை மதிப்பிட்டுச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1967 ஆகஸ்டில் வந்த 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' ஆல்பத்திலிருந்து கணக்கைத் தொடங்கியிருக்கும் கட்டுரையாளர், அதற்கு முன்பே வந்துவிட்ட இரண்டு சிங்கிள்களை, அதாவது ஆல்பமாக அன்றித் தனிப்பாடலாக வந்த இசைத்தட்டுகளை, பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இவ்விரண்டும் அந்த ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில் இடம்பெறாதவை. ஆகவே ஆல்பத்தை மட்டும் கேட்பவருக்கு குழுவின் அன்றைய முதன்மைப் பாடலாசிரியரும் பாடகருமான சிட் பாரெட் பாதிதான் கிடைப்பார்.

மார்ச்சில் வந்த 'ஆர்னால்ட் லேன்', கொடியில் காயும் பெண்களின் உடைகளைத் திருடும் ஒருவனைப் பற்றியது. கேம்பிரிட்ஜில் பாரெட், குழுவின் இன்னோர் உறுப்பினரான ரோஜர் வாட்டர்ஸ் இருவரின் தாய்மார்களும் வீட்டில் குடிவைத்திருந்த மாணவிகளின் துணிகள் களவுபோனதே அதற்கு வித்து. ரேடியோ லண்டன் என்ற வானொலி ஒலிபரப்ப மறுத்தும் பாடல் பிரிட்டிஷ் பட்டியலில் 20ஆம் இடம் வரை ஏறியது. ஜூனில் வந்த 'சீ எமிலி பிளே' 6ஆம் இடத்தைத் தொட்டது. அதன் நடுவே, வேகம் கூட்டப்பட்ட பியானோ ஒன்று சில நொடிகள் துள்ளி ஓடி மறையும். ஆல்பத்தில் உள்ள 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் தேடி அலையும் விசித்திரம் இங்கே அந்தச் சில நொடிகளிலேயே வந்துவிடுகிறது என்பேன். ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பில் 'சீ எமிலி பிளே'யை முதலில் வைத்தார்கள். அதற்காக 'பைக்' முதலிய பாடல்களை நீக்கியது வேறு கொடுமை.

1968இல் வந்த 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' என்ற இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிய கட்டுரையாளரின் கருத்துகளோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் அதில் பாரெட் எழுதிய ஒரே பாடலான 'ஜக்பேண்ட் ப்ளூஸ்' குறித்து, சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பித்தளை வாத்தியக்காரர்கள் இடையில் வந்து ஊதிவிட்டுப் போன பின் கிதாருடன் தனித்து நிற்கும் அந்தக் குரல் குறித்து, இரண்டு வாக்கியமாவது எழுதியிருக்கலாம்.

இக்குழு தொடக்கம் முதலே சிங்கிள்களைப் பொருட்படுத்தவில்லை என்ற கட்டுரையாளரின் கூற்று மட்டும் பிழை. 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்', பாரெட் விலகிய பின் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் எழுதிய 'இட் வுட் பி ஸோ நைஸ்', 1968 டிசம்பரில் வந்த 'பாயிண்ட் மீ அட் தி ஸ்கை' என மூன்று சிங்கிள்கள் அடுத்தடுத்துத் தோற்ற பிறகே, 1979 வரை பிரிட்டனில் அவர்கள் சிங்கிள் வெளியிடவில்லை. அது கொள்கையன்று, சூடுபட்ட அனுபவம்.

முதல் இரண்டு சிங்கிள்களும் 1971இல் வந்த 'ரெலிக்ஸ்' தொகுப்பில் உள்ளன. 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்' அதில் இல்லை. அது ஒன்றும் பெரிய இழப்பில்லை.

தங்கள் நெடுநாள் வாசகன்