பாப்பாவைப் பற்றித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். தீபாவளிக்குப் பேசியதுதான். அதற்கப்புறம் மாதாமாதம் உன் பணம் வருகிறது, உன் குரல் வரவில்லை. கீழவீட்டுப் பையன் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறான் என்றதும் இதை எழுதிக் கொடுத்து விடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டுப் பேசு.

உன் தங்கச்சி பாப்பா பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். பதறாதே, இப்போது நடமாடுகிறாள். வெயில் தாங்கவில்லை என்றார்கள். மார்கழிக் காலையில் என்ன வெயில்? நர்சம்மா வந்து அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். விரலில் குத்தி எடுத்துப் பார்த்ததில் ரத்த அளவு, ஹீமோகுளோபின் என்கிறார்கள், 8.2 தான் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்த சோகை, உசிலம்பட்டி பெரிய டாக்டரிடம்தான் போக வேண்டும் என்றார்கள்.

சில மாதமாகவே அவளிடம் ஏதோ சரியில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் காம்பஸுக்கும் அழிரப்பருக்கும் நடுவில் ஒரு பிடி பச்சரிசி கிடக்கும், ஓரம் கடித்த சாக்பீஸும் கிடக்கும். "அரிசி தின்றால் உன் கல்யாணத்தன்று மழை கொட்டும்டி" என்று உன் அப்பத்தா சிரிப்பார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இரும்புச் சத்து வற்றின உடம்புதான் இப்படி அரிசி, மண், சாம்பல் என்று தேடும், அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள் என்றார்.

நான் அனுப்பும் பணத்தில் சாப்பாட்டுக்கு என்ன குறை என்று நீ கேட்பாய். குறை பணத்தில் இல்லை அய்யா. ஏழேகால் பஸ்ஸை விட்டால் அவளுக்கு அடுத்த பஸ் இல்லை. ஒரு டீ, இரண்டு ரஸ்க், அதோடு ஓடுகிறாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடு போடுகிறார்கள். 2022-இல் நம் மதுரையில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். மதியச் சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்போடு முடிந்து போகிறது. பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் இவளுக்கு அந்த முட்டையும் நின்றது. கட்டிக் கொடுக்கிற சோறு பாதி திரும்பி வருகிறது. டீ வேறு, சாப்பாட்டை ஒட்டிக் குடித்தால் இருக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேர விடாதாம். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டுமாம். நீயும் அங்கே டீயைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. வேளைக்குச் சாப்பிடு.

வாரா வாரம் பள்ளியில் கொடுக்கிற நீல மாத்திரையை இவளும் இவள் தோழிகளும் வேலிக்கு வெளியே வீசியிருக்கிறார்கள். கேட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, வெளிக்கு கருப்பாகப் போகிறது என்கிறாள். கருப்பாகப் போவதில் பயமில்லையாம், மாத்திரையில் உள்ள இரும்புதான் அப்படிப் போகிறது. புரட்டுவது வெறும் வயிற்றில் விழுங்குவதால். காலையில் சாப்பிடாததால் சோகை, அதைத் தீர்க்கக் கொடுத்த மாத்திரையும் காலையில் சாப்பிடாததால் வேலிக்குப் போய்விட்டது. இதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நானே பக்கத்தில் நின்று விழுங்க வைக்கிறேன். தினமும் ஒன்று, மூன்று மாதத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் மேட்டுக்காட்டில் உன் தாத்தா கம்பும் குதிரைவாலியும்தான் போடுவார். இப்போது எல்லோரும் மக்காச்சோளம் போட்டுக் கோழித்தீவனத்துக்கு அனுப்பிவிட்டு, மூன்று வேளையும் வெள்ளை அரிசி தின்கிறோம். கம்பில் இருக்கிற இரும்பு அதில் எங்கே இருக்கிறது? ரேஷன் அரிசியில் சத்து சேர்த்த அரிசி கலந்து போட்டார்கள். அதையும் பிளாஸ்டிக் அரிசி என்று உன் அப்பத்தா முறத்தில் பொறுக்கி எறிந்து கொண்டிருந்தார். இப்போது அப்படி எறிவதை நிறுத்தியாயிற்று. அப்புறம் நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஈரல் உனக்கும் அப்பாவுக்கும் போகும். பாப்பா என்னோடு கடைசியில் உட்கார்ந்து குழம்பில் சோற்றைப் பிசைவாள். இப்போது கறிக்கடையில் சொல்லி வைத்து ஒரு சுவரொட்டி, ஆட்டு மண்ணீரல்தான், வாங்குகிறேன். தணலில் சுட்டு, மிளகும் உப்பும் தூவி முதலில் அவளுக்குத்தான். முகத்தைச் சுளித்துக் கொண்டு தின்கிறாள். முருங்கைக்கீரை தினமும் உண்டு. அதோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால்தான் கீரையில் உள்ள இரும்பு ரத்தத்தில் ஒட்டும் என்றார்கள்.

மல்லிகைக் காட்டுக்கும் ஓடைப் பக்கமும் வெறுங்காலோடு போவாள் அல்லவா, மலம் கலந்த மண்ணிலிருந்து கொக்கிப்புழு கால் வழியாகவே ஏறிக் குடலில் இருந்து ரத்தத்தைக் குடிக்குமாம். ஆகஸ்டில் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்த அன்று இவள் லீவு. செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. இதையெல்லாம் ஆண்பிள்ளைக்கு எழுதுவதா என்று அப்பத்தா கேட்பார். அவள் விஷயத்தில் முடிவெடுக்கிறவன் நீ என்றால் உனக்குத் தெரியத்தான் வேண்டும். மாதவிலக்கு அவளுக்கு எட்டு நாள், ஒன்பது நாள் போகிறது. என்னிடம்கூடச் சொல்லவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். நர்சம்மா எத்தனை நாள், எத்தனை துணி என்று துருவிக் கேட்டபோதுதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மாதாமாதம் அவ்வளவு போனால் தின்பது எங்கே ஒட்டும்? அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும், மதுரைக்குப் போகச் சீட்டு எழுதித் தந்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்குச் சோகை. நம் தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். நன்றாக வளர்ந்துவிட்டாள் என்று வெளியே பார்த்துச் சொல்கிறோம், உள்ளே இப்படி இருக்கிறது.

இனி எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். பாப்பா கல்யாணத்தை வைகாசியில் முடித்துவிடலாம் என்று மாமா சொன்னதற்கு நீ சம்மதம் சொன்னது, அத்தை வாயால்தான் எனக்குத் தெரிந்தது. மாமா என் கூடப்பிறந்தவர். நீ வெளிநாடு போக ஏஜெண்டுக்குப் பணம் கட்டும்போது யார் கை கொடுத்தார் என்பதை நான் மறக்கவில்லை. பையனையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாப்பாவுக்கு வருகிற பங்குனிக்குத்தான் பதினேழு. பதினெட்டு ஆகாமல் சட்டம் விடாது. யாராவது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டால் மண்டப வாசலில் போலீஸ் நிற்கும். அதுகூடப் பெரிதில்லை. 8.2 ரத்தத்தை வைத்துக்கொண்டு இவள் வயிற்றில் ஒரு பிள்ளை வந்தால் அதற்கும் சேர்த்து ரத்தம் எங்கே இருந்து வரும்? குறைமாதம் ஆகலாம், எடை குறைந்த பிள்ளை பிறக்கலாம். பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் தாங்காது. மேலத்தெரு அக்காவுக்காக ராத்திரியோடு ராத்திரியாகப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடி ரத்தம் கொடுத்தவன் நீ. மறுநாள் வந்து சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததை நான் பார்த்தேன். உனக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

உன்னைப் போலப் பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று ஊரில் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் பெற்றவள் இருக்கும்போது என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது தம்பி.

மாமாவிடம் நீயே பேசு. நான் பேசினால் அண்ணன் தங்கை சண்டையாகிவிடும். கடன் வேறு, பெண் வேறு என்று மரியாதையாகச் சொல். பாக்கிக்கு என் சங்கிலி இருக்கிறது, வைத்துக் கொடுத்துவிடலாம். அவள் படிக்கட்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் அரசாங்கமே தருகிறது, உனக்கும் பாரம் குறையும்.

தை கடைசியில் மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் மாமாவிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல். பாப்பாவுக்கும் போன் பண்ணு. மற்ற எதையும் கேட்காதே, கூச்சப்படுவாள். காலையில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா