குன்னூர் எலி வளர்ப்போர்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வெலிங்டனிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், இன்று முதல் தடவையாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன. அடைமழையால் அக்டோபரிலும் நவம்பரிலும் மட்டும் கூட முடியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். இந்த வருஷம் நம்மை அதிகம் பேச வைத்த விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன்.

என் வீட்டு நீல நிற ஆண் எலியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மழைக்கு முந்தின மேகத்தின் நிறம். குட்டியாக இருந்தபோது என் ஸ்வெட்டர் கைக்குள் புகுந்து தூங்கும். அந்த அழகில் மயங்கி ஐந்தாவது மாதமே இணை சேர்த்தேன். குட்டிகளை நீங்கள் ஆசையாக வாங்கிப்போனீர்கள். ஏழாவது மாதம் ஒரு சாயங்காலம் கூண்டைத் திறந்தேன். முடியைச் சிலிர்த்து, உடம்பைப் பக்கவாட்டில் வளைத்து, உஸ் உஸ்ஸென்று மூச்சுவிட்டபடி வந்து கட்டைவிரலைக் கவ்வியது. பல் ஆழமாக இறங்கிவிட்டது. விதை நீக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களில் அது அடங்கியது. ஆனால் அதற்குள் அதன் மகன்களில் இரண்டு கோத்தகிரி அண்ணன் வீட்டில் கடிக்க ஆரம்பித்திருந்தன. அவர் மகள் இப்போது கூண்டுப் பக்கமே போவதில்லை. அவசரப்பட்டது நான். அந்தக் குடும்பத்திடம் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண் எலிக்கு ஐந்தாறு மாதத்தில் ஹார்மோன் ஏறும். அது ஏறி இறங்குகிற வரை அதன் சுபாவம் நமக்குப் பிடிபடாது. அதனால்தான் ஒரு வயது நிரம்பாத ஆணை இணை சேர்ப்பதில்லை என்று ஜனவரிக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். பெண் எலியை அப்படிக் காக்க வைக்க முடியாது. முதல் ஈற்று ரொம்பத் தள்ளிப்போனால் பிரசவம் சிக்கலாகலாம். ஆகவே பெண்ணுக்கு அதன் தாய், சித்தி, முந்தைய ஈற்று அண்ணன்மார் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். கல்யாணத்துக்குக் குடும்பம் விசாரிக்கிற மாதிரிதான்.

"பாசமாக வளர்த்தால் எந்த எலியும் சாதுவாகிவிடாதா?" என்று சிலர் கேட்டீர்கள். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் நகரில், நரிகளைப் பழக்கிய பெல்யாயேவின் ஆய்வுக்கூடத்தில், 1972 முதல் காட்டு எலிகளைப் பிடித்து, சாதுவானவை ஒரு வம்சம், முரடானவை இன்னொரு வம்சம் என்று பல தலைமுறை பிரித்து வளர்த்தார்கள். பிறகு குட்டிகளைத் தாய் மாற்றிப் பாலூட்ட விட்டும் பார்த்தார்கள். பெரும்பாலும் பெற்ற வம்சத்தின் குணமே நின்றது. இதனால் கை பழக்கம் வீண் என்று ஆகாது. குட்டி கண் திறக்கிற பதினான்காம் நாளை ஒட்டி, தினமும் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்துப் பழக்குவது மிக முக்கியம். ஆனால் முரட்டு வம்சத்தை அது மட்டும் திருத்திவிடாது.

நம் குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறைபனி நாட்களில் ஜன்னலைச் சாத்தி, கூண்டைக் கம்பளியால் மூடிவிடுகிறோம். சிறுநீர் நெடி உள்ளேயே தங்கி, ஏற்கெனவே பலவீனமான எலி நுரையீரலைக் கெடுக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கற்பூர மரத்தூள் போடாதீர்கள். அதன் எண்ணெய் வாடையும் மூச்சுக்கு ஆகாது. கிழித்த காகிதம் போதும். உடம்பு முடியாத எலி வலியில் கடிக்கும், அதை வைத்து அதன் சுபாவத்தை எடை போடக் கூடாது.

வெலிங்டன் அக்கா வீட்டுப் பெண் எலி இந்த வருஷம் ஈன்றது. தாய், பாட்டி இரண்டுமே ஒருவரையும் கடித்ததில்லை. மூன்றாம் நாள் கூட்டுக்குள் கை விட்டேன். அது எழுந்து வந்து விரலை மோந்து, கட்டைவிரல் தழும்பை நக்கிவிட்டு, திரும்பிப் போய்க் குட்டிகள் மேல் படுத்துக்கொண்டது. நிறம் சாதாரண பழுப்புதான். அந்த ஈற்று ஆண்களை ஒரு வயது வரை விற்காமல் வைத்திருக்க அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். அவற்றின் தீனிச் செலவில் பாதியைச் சங்கம் ஏற்கலாமா என்று இன்று முடிவு செய்ய வேண்டும்.

மேசை மேல் நீள நோட்டு இருக்கிறது. உங்கள் எலியின் பிறந்த தேதி, தாய், தகப்பன் எல்லாம் எழுதுங்கள். கடித்திருந்தால் அதையும் எந்த மாதம், யாரை என்று மறைக்காமல் எழுதுங்கள். முதல் பக்கத்தில் என் நீல எலியை எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்