பாண்டிக்கு ஒரு பதில்

மாப்ள பாண்டி,

ஒன் மெயிலுக்கு பதில் போட லேட்டாயிருச்சு, கோச்சுக்காத. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதியாச்சு, சொட்டு மருந்த மட்டும் விடாம போடச் சொல்லு, கொஞ்சம் தெளிவாத் தெரிஞ்சதும் அவங்களா நிறுத்திருவாங்க. இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவ காலேஜுக்குப் போயிட்டா, வீடு வெறிச்சுன்னு கெடக்கு.

நீ கேட்ட கேள்வி மனசுலயே நின்னுருச்சுடா. குடிச்சிட்டு வண்டி ஓட்டி ரெண்டாவது தடவ மாட்டுனவன் கையில லைசென்ஸ திருப்பிக் குடுக்குறது என்ன கோர்ட்டு, நாளைக்கு அவன் ஒருத்தன இடிச்சா ஜட்ஜா பதில் சொல்லுவாருன்னு கேட்டிருந்த. நியாயமான கேள்விதான், ஆனா கிட்ட இருந்து பாத்ததுல எனக்கு வேற மாதிரி தோணுது, அதான் உக்காந்து எழுதுறேன்.

என் ஷிஃப்ட்ல ஒரு ஆளு இருக்கான், பேரு வேணாம், பிரஸ் மெஷின்ல கை தேர்ந்தவன், ரெண்டு புள்ளைங்க. போன வருஷம் அவனுக்கு ரெண்டாவது கேஸ். இங்க அமெரிக்காவுல, நான் இருக்குற மிச்சிகன் மாநிலத்துல 7 வருஷத்துக்குள்ள ரெண்டு தடவ மாட்டுனா லைசென்ஸ ரத்து பண்ணிருவாங்க, கொறஞ்சது 1 வருஷம், அது முடிஞ்சாலும் தானா வராது, விசாரணைக்குப் போயி குடிய விட்டுட்டேன்னு நிரூபிக்கணும். நடுவுல வண்டிய எடுத்து மாட்டுனா அதே அளவு காலம் மறுபடி ஏறும். ஜெயிலும் 1 வருஷம் வரைக்கும் போடலாம்.

நம்ம ஊர வச்சு இத யோசிக்காத மாப்ள. பெரியார் பஸ் ஸ்டாண்டுல நின்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும், இங்க டெட்ராய்ட்ட தாண்டிட்டா முக்காவாசி எடத்துல பஸ்சே கெடையாது, பிளான்ட்டு காலையில ஆறு மணிக்கு, பனிக்காலத்துல நடந்து போறதெல்லாம் நடக்காத காரியம். லைசென்ஸ் போனா வேல போகும், வேல போனா வாடக நிக்கும், மெடிக்கல் இன்சூரன்ஸ் போகும், அதனால நெறய பேரு லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுறாங்க. நீ பயப்படுற ஆளு ஏற்கெனவே ரோட்டுலதான் இருக்கான், என்ன, யாரும் அவன கண்காணிக்கல.

இங்கதான் சோப்ரைட்டி கோர்ட் வருது, அதாவது குடிய விட வைக்குறதுக்குன்னே இருக்குற கோர்ட்டு. 1989ல மயாமில ஆரம்பிச்ச ட்ரக் கோர்ட், அதான் போதைக் கேஸ் கோர்ட், அந்த வகையில வந்ததுதான் இதுவும், ஒரே ஆளுங்க போதைக் கேஸ்ல உள்ள போறதும் வெளிய வர்றதுமா இருந்தத பாத்துட்டு, ஜெயில்ல அடைக்குறதுக்கு பதிலா ஜட்ஜோட கண்ணு முன்னாடியே வச்சு வைத்தியம் பாப்போம்னு கொண்டு வந்தாங்க. கேக்க சுலபமா இருக்கும், ஆனா கூட இருந்து பாத்தா தெரியும். ஒண்ணு ஒன்ற வருஷம், சில எடத்துல ரெண்டு வருஷம் வரைக்கும் போகும். தெனம் காலையில ஃபோன் போட்டு இன்னிக்கு டெஸ்ட் உண்டான்னு கேக்கணும், உண்டுன்னா அன்னிக்கே போயி நிக்கணும், வாரா வாரம் குரூப்பு, கவுன்சலிங், கோர்ட்டு சார்பா கண்காணிக்குற ப்ரொபேஷன் ஆபீசர், அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஜட்ஜ் முன்னாடி. யாரையும் கட்டாயமா சேக்க முடியாது, அவனே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடணும். "ஜெயிலுன்னா கொஞ்ச நாள்ல முடிஞ்சிரும், இது யாருக்கு வேணும்"னு சொல்லிட்டுப் போறவன் எத்தன பேரு. அப்படியே சேந்தாலும் லைசென்ஸ் இல்லாம இத்தன எடத்துக்கு எப்படிடா போவான்?

அதுக்குத்தான் 2010ல மிச்சிகன்ல ஒரு சட்டம் போட்டு, 2011 ஜனவரில இருந்து முதல்ல சோதனையா நடத்துனாங்க. இந்த கோர்ட்டுல சேந்தவன் 45 நாள் வண்டியத் தொடவே கூடாது, அதுக்கப்புறம் வண்டில இக்னிஷன் இன்டர்லாக், அதாவது ஊதச் சொல்லி சாராயம் இருந்தா வண்டிய கெளம்ப விடாத மெஷின், அத மாட்டுனா கட்டுப்பாடு போட்ட லைசென்ஸ் கெடைக்கும். வேல, ட்ரீட்மென்ட், டெஸ்ட், கோர்ட், புள்ளைங்க ஸ்கூலு, இந்த மாதிரி எழுதி வச்ச எடங்களுக்கு மட்டும் போகலாம். வண்டிய பறிமுதல் பண்றதும் இல்ல. அப்ப டிரைவர் ரெஸ்பான்ஸிபிலிட்டி ஃபீன்னு, மாட்டுன டிரைவர் அரசாங்கத்துக்குக் கட்டுற பணம் வேற ஒண்ணு இருந்துச்சு, இந்த கேசுக்கு வருஷத்துக்கு 1000 டாலர், ரெண்டு வருஷம், ஃபைன் தனி. கோர்ட்டுல இருக்குற வரைக்கும் அத நிறுத்தி வச்சாங்க, தள்ளுபடி இல்ல, முடிச்சப்புறம் கட்டணும். அந்த ஃபீயால கடன்ல முங்குனது பூராவும் இல்லாதப்பட்டவங்கதான், கடைசில 2018 அக்டோபர்ல அதையே மொத்தமா எடுத்துட்டாங்க. ஜார்ஜியா மாநிலத்துலயும் ட்ரக் கோர்ட் ஜட்ஜு லைசென்ஸ திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம்.

அந்த மெஷின நான் என் ஷிஃப்ட் ஆளோட வேன்ல பாத்தேன், அவனும் இந்த கோர்ட்டுல சேந்தவன்தான். கையடக்கமா ஒரு பெட்டி, சுருள் வயர்ல தொங்குது. குளிர்ல அது சூடாக கொஞ்ச நேரம் உக்காந்திருக்கணும், அப்புறம் குழாய வாயில வச்சு விடாம ஊதணும், அப்பதான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். சட்டப்படி ஓட்டுறதுக்கு ரத்தத்துல சாராய வரம்பு 0.08 சதவீதம், இந்தப் பெட்டிக்கு 0.025 தாண்டுனாலே வண்டி கெளம்பாது. போய்க்கிட்டே இருக்கும்போது திடீர்னு பீப் அடிக்கும், மறுபடி ஊதணும், எல்லாம் ரெக்கார்டாகி போக வேண்டிய எடத்துக்குப் போயிரும். மவுத்வாஷ் போட்டாக்கூட காட்டிருமாம், பாட்டில தூக்கிப் போட்டுட்டான். மக முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு "ஊதுப்பா லேட்டாகுது"ன்னு சொல்றாளாம், சொல்லும்போது அவன் மூஞ்சிய பாக்கணும்டா, வெக்கமும் இருந்துச்சு, ஒரு தெம்பும் இருந்துச்சு.

அடிபட்டுச் செத்தவங்க குடும்பத்த நான் மறக்கல. இங்க 2007ல இருந்து ஆயுசுல மூணாவது தடவ மாட்டுனாலே ஃபெலனி, அதாவது பெரிய குத்தம், அந்தச் சட்டத்துக்கு ஹெய்டின்னு ஒரு பொண்ணு பேரு, குடிச்சிட்டு ஓட்டுனவன் இடிச்சு செத்தவ. அவளப் பெத்தவங்க முன்னாடி நின்னு பேசுறதா இருந்தாலும் நான் இதத்தான் சொல்லுவேன், லைசென்ஸ் இல்லாம ஒளிஞ்சு ஓட்டுறவன விட ஊதி ஊதி ஓட்டுறவன் ரோட்டுல இருக்கட்டும்னு.

கொறையும் இருக்கு. மெஷினு சாராயத்த மட்டும்தான் மோப்பம் பிடிக்கும், மாத்தர, ஹெராயின் அதுக்குத் தெரியாது, அதுக்கு யூரின் டெஸ்ட்டுதான். மெஷின் வாடகையும் அவன் கையில இருந்துதான் போகணும், சம்பளம் கம்மியா இருக்குறவனுக்கு அது பெரிய பாரம், என்னக் கேட்டா இத அரசாங்கமே ஏத்துக்கணும். போதப்பொருள் கேசுல வண்டிக்கும் குத்தத்துக்கும் சம்பந்தமே இல்லன்னாலும் 6 மாசம் லைசென்ஸ புடுங்கணும்னு 1990ல அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு, கேக்காத மாநிலத்துக்கு ரோட்டுப் பணத்த வெட்டுவோம்னு. கவர்னரும் சட்டசபையும் வேணாம்னு எழுதிக் குடுத்தா விலகிக்கலாம், நெறய மாநிலம் விலகிருச்சு. திருந்தணும்னு சொல்லிட்டு திருந்தப் போற வழிய அடைக்குறது எனக்கு ஒத்துக்கவே முடியல.

நம்ம இந்தியாவோட போதைப்பொருள் தடுப்புச் சட்டம் என்டிபிஎஸ்ல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்குல்ல, அடிமையானவன் தானா முன்வந்து வைத்தியத்துக்குப் போனா சின்ன அளவு கேசுல வழக்கு இல்லன்னு. மதுரையில அத யாராவது கேட்டு வாங்குறாங்களா, ஜட்ஜுங்க குடுக்குறாங்களா, வெவரமா எழுது. ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு, ஞாயித்துக்கிழம கூப்புடுறேன்.

அன்புடன்,
சேகர்